நசுங்கத் தெரிந்த வண்டி

என் தாய்மாமன் அந்தமானில் வாடகைக் கார் ஓட்டுபவர். சென்ற விடுமுறையில் நான் ஊருக்குப் போயிருந்தபோது, தம் பழைய வண்டியைத் தள்ளிவிட்டு வேறொரு வண்டி வாங்கும் முயற்சியில் இருந்தார். கைமாறி வந்த வண்டிகள் நான்கைந்தைப் பார்த்தோம். ஒவ்வொன்றின் பானெட்டையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். ஓசையைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்குவார். "தகரம்டா மாப்பிள்ளை! லேசா இடிச்சாலே அப்பளம் மாதிரி நொறுங்கிடும். எங்க காலத்து வண்டி இரும்பு" என்பார்.

இந்தப் பேச்சு அவருடையது மட்டுமன்று. நம் விடுதி முற்றத்திலும் இதையே கேட்டிருக்கிறேன். அதுவும் எந்திரவியல் பயிலும் நண்பர்களின் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன். ஆதலால் இதனை நம் மன்ற இதழில் ஒருமுறை விளக்கமாக எழுதிவிடலாம் எனத் துணிந்தேன். மாமாவிடம் நான் வாதாடி வெல்லவில்லை. உங்களிடமாவது வெல்லலாம் அன்றோ?

முதலில் ஒரு பழைய கதை. 2012-ஆம் ஆண்டு மாமாவின் அந்த 'இரும்பு' வண்டி, ரங்கத்துக்கும் மாயாபந்தருக்கும் இடையே, மழையில் நனைந்த ஒரு வளைவில் வழுக்கிச் சென்று படாக் மரம் ஒன்றில் மோதியது. வண்டியில் சீட் பெல்ட் கிடையாது. மோதலில் பம்பர் வளைந்தது, ஒரு விளக்கு உடைந்தது, ரேடியேட்டர் ஒழுகியது. அவ்வளவே. மாமாவுக்கோ மார்பெலும்புகள் மூன்று முறிந்தன. வலது முழங்கால் டாஷ்போர்டில் அடிபட்டுச் சிதைந்தது. காலையில் அடிபட்டவர், ஃபெரி ஏறி, காட்டு வழி கடந்து போர்ட் பிளேர் போய்ச் சேர இருட்டிவிட்டது. வண்டி பத்தே நாளில் பட்டறையிலிருந்து வெளியே வந்தது. மாமா மருத்துவமனையிலிருந்து வெளியே வர இரண்டு மாதம் ஆயிற்று. இன்றும் அவர் சாய்ந்துதான் நடப்பார். ஆனாலும் அந்த விபத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை" என்று பெருமையாகத்தான் சொல்வார்!

வண்டிக்கு ஒன்றும் ஆகாததனால்தான் மாமாவுக்கு அவ்வளவும் ஆயிற்று என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

கணக்கைப் பாருங்கள். பௌதிக வகுப்பில் நாம் படித்ததுதான். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 11 மீட்டர். இதே வேகத்தைக் கீழே விழும் பொருள் ஒன்று அடைய வேண்டுமானால், அது 6 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்திலிருந்து விழ வேண்டும். அதாவது இரண்டு மாடி வீட்டின் மொட்டை மாடியிலிருந்து. நாற்பது என்பதை நாம் ஒரு வேகமாகவே மதிப்பதில்லை. ஆனால் அந்த வேகத்தில் மரத்தில் மோதுவது மொட்டை மாடியிலிருந்து குதிப்பதற்குச் சமம். மணிக்கு 64 கிலோமீட்டரானால் அந்த உயரம் 16 மீட்டராகிவிடும். அது நன்கு வளர்ந்த தென்னையின் உச்சி.

விழுவது கொல்வதில்லை, நிற்பதே கொல்கிறது. எவ்வளவு தூரத்திற்குள் நிற்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் 10 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுவதாகக் கொள்வோம். அவர்மேல் விழும் விசை புவியீர்ப்பைப் போல் 63 மடங்கு. ஏறத்தாழ மூன்றே முக்கால் டன் பாரம். அதே உடல் 60 சென்டிமீட்டர் தூரம் நகர்ந்து நின்றால், விசை பத்து மடங்குக்குச் சற்று மேல் மட்டுமே. மூன்றே முக்கால் டன் அறுநூற்றுச் சொச்சம் கிலோவாகக் குறைந்துவிடுகிறது. அந்த ஐம்பது சென்டிமீட்டரை எங்கிருந்து பெறுவது? மரம் கொடுக்காது. எலும்பு கொடுத்தால் முறியும். வண்டிதான் கொடுக்க வேண்டும். வண்டி கொடுப்பது என்றால் நசுங்குவது என்று பொருள்.

இதனை முதலில் தெளிவாகக் கண்டவர் பேலா பாரெனி என்னும் பொறியியலாளர். மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர். வண்டி முழுவதையும் உறுதியாகச் செய்வதே பாதுகாப்பு என்று எல்லோரும் நம்பிய காலத்தில், வண்டியை அவர் மூன்றாகப் பிரித்தார். நடுவில் ஆட்கள் அமரும் அறை, அது வளையக் கூடாது. முன்னும் பின்னும் உள்ள பகுதிகள், அவை முறையாக நசுங்க வேண்டும். இதற்காக அவர் 1951-இல் விண்ணப்பித்த காப்புரிமை அடுத்த ஆண்டு கிடைத்தது. 1959-இல் அந்நிறுவனம் வெளியிட்ட காரில் இக்கருத்து உருப்பெற்றது.

அதே 1959-இல் ஸ்வீடனில் வால்வோ நிறுவனம் இன்னொன்றைச் செய்தது. நில்ஸ் போலின் என்பவர் அதற்கு முன் போர் விமானங்களில் விமானியை இருக்கையோடு வெளியே வீசும் கருவியை வடிவமைத்தவர். அவர் காருக்கு வந்ததும், தோளையும் இடுப்பையும் ஒரே வாரால் மூன்று இடங்களில் பிணைக்கும் பெல்ட்டை அமைத்தார். ஒரே கையால் மாட்டிவிடலாம். இன்று உலகெங்கும் கார்களில் இருப்பது அந்த வார்தான். வால்வோ அதன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளத் திறந்து விட்டது. வாணிக உலகில் இத்தகைய செயல்கள் அரிதாகலின் குறிப்பிடுகிறேன்.

இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. இதைப் பலர் கவனிப்பதில்லை. வண்டியின் மூக்கு அரை மீட்டர் நசுங்குகிறது என்று வையுங்கள். பெல்ட் அணியாதவருக்கு அதனால் யாதொரு பயனும் இல்லை. வண்டி நின்றுகொண்டிருக்கும்போது அவர் நாற்பதில் சென்றுகொண்டேயிருப்பார்; வண்டி நின்ற பிறகே ஸ்டியரிங்கில் மோதுவார்; அங்கே அவருக்குக் கிடைப்பது தம் மார்பு அமுங்கும் அந்தச் சில சென்டிமீட்டரே. உடலை வண்டியோடு கட்டினால்தான் வண்டி நசுங்கும் தூரத்தில் உடலுக்கும் பங்கு கிடைக்கும். கட்டிய உடல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: அமெரிக்க விமானப் படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப், 1954 டிசம்பரில் ராக்கெட் பூட்டிய சறுக்கு வண்டியில் தம்மைத் தாமே வார்களால் இறுகக் கட்டிக்கொண்டு, மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒன்றரை நொடிக்குள் நின்று காட்டினார். 46 மடங்கு விசை. கண்களில் இரத்தம் கட்டியது, ஆனால் பிழைத்தார்.

"ஏட்டுக் கணக்கு வேறு, சாலை வேறு" என்பார் மாமா. அவருக்குக் கைப்பேசியில் ஒரு படம் காட்டினேன். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம், தன் ஐம்பதாம் ஆண்டு நிறைவை ஒட்டி 2009-இல் ஒரு சோதனை செய்தது. 1959-ஆம் ஆண்டுச் செவர்லே பெல் ஏர் ஒன்று. 2009-ஆம் ஆண்டுச் செவர்லே மாலிபு ஒன்று. எடையில் ஏறக்குறைய ஒத்தவை. இரண்டையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர், ஓட்டுநர் பக்கம் படும்படி மோதவிட்டார்கள். பழைய வண்டி கப்பல் போல் நீளமானது, பளபளக்கும் இரும்பு. மோதியதும் அதன் ஓட்டுநர் அறையே மடிந்தது. ஸ்டியரிங் தண்டு பொம்மையின் மேல் பாய்ந்தது. உண்மை மனிதராயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார். புதிய வண்டியின் மூக்கு காணாமற் போயிற்று; அறையோ அப்படியே நின்றது. அதிலிருந்த பொம்மைக்குக் காலில் சிறு காயம் படக்கூடும் என்று மட்டுமே அளவிட்டார்கள். மாமா படத்தை இருமுறை பார்த்தார். "அது அமெரிக்கா" என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் சொன்னதிலும் ஓரளவு நியாயம் உண்டு என்பதைப் பிறகு உணர்ந்தேன். இந்தியாவின் கதை வேறுதான்.

1957 முதல் 2014 வரை உத்தர்பாராவில் அம்பாசிடர் வண்டி உற்பத்தியானது. மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு. எஞ்சின் மாறியது, விளக்கு மாறியது. உடலமைப்பு பெரிதும் அப்படியே இருந்தது. போட்டியில்லாத சந்தையில் புதுமைக்கு என்ன தேவை? 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதுதான் நம் நாட்டுக் கார் உலகம் அசைந்தது. முன்னிருக்கைக்குப் பெல்ட் பொருத்தியே விற்க வேண்டும் என்ற விதி 1994-இல்தான் நடைமுறைக்கு வந்தது, பின்னிருக்கைக்கு 2002-இல். போலின் வாரை அமைத்து அப்போது நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன!

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு இந்தியச் சிறு கார்கள் ஐந்தைச் சோதித்தது. ஆல்ட்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ. காற்றுப் பை இல்லாத அடிப்படை வண்டிகள் அவை. ஐந்துக்கும் கிடைத்தது சுழி. ஒரு விண்மீன்கூட இல்லை. ஆனால் அதே போலோவைக் காற்றுப் பை இரண்டோடு சோதித்தபோது நான்கு விண்மீன். இந்தச் செய்தி எனக்கு ஒன்றைத் தெளிவாக்கியது. நிறுவனங்களுக்குச் செய்யத் தெரியாமல் இல்லை. பிற நாடுகளில் கேட்டார்கள், கொடுத்தார்கள். இங்கே மைலேஜ் மட்டும் கேட்டோம், மைலேஜ் மட்டும் கொடுத்தார்கள். நிறுவனங்களை வாயாரப் புகழ்வோரும் வாயாரத் திட்டுவோரும் இதைச் சற்று எண்ண வேண்டும்.

அதன் பிறகு மாற்றம் விரைந்தது. 2017 அக்டோபர் முதல் புதிய மாதிரிக் கார்களுக்கு முன்மோதல், பக்கமோதல் சோதனைகள் கட்டாயமாயின. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான், ஐந்து விண்மீன் பெற்ற முதல் இந்திய வண்டியாயிற்று. 2019 ஏப்ரல் முதல் எல்லாக் கார்களிலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏபிஎஸ் பிரேக். அதே ஆண்டு ஜூலை முதல் ஓட்டுநருக்குக் காற்றுப் பை. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்று நமக்கே ஒரு மதிப்பீட்டு முறை வந்துவிட்டது. நம் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள ஆய்வு மையத்தில் மோதல் சோதனைக்கூடம் இருக்கிறது. சுவரில் கார் மோதுவதைப் பார்க்க இனி ஐரோப்பா போக வேண்டியதில்லை.

அந்தமானுக்கு வருவோம். நகரத்தின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டுவிட்டது. ஆயினும் பழக்கத்தால் எங்கள் வாயில் வருவது போர்ட் பிளேர்தான். அங்கிருந்து வடக்கே திக்லிபூர் வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நீள்வது அந்தமான் நெடுஞ்சாலை. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் ஜாரவா மக்களின் காப்புக் காடு. குறித்த நேரங்களில் வண்டிகள் அணியாகத்தான் செல்ல வேண்டும். நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, நாற்பதைத் தாண்டக் கூடாது. காட்டுக்குள் இப்படி அடங்கி ஓடும் வண்டிகள்தாம், அணி புறப்படும் நேரத்தைப் பிடிக்கவும் ஃபெரியைப் பிடிக்கவும் அதற்கு முன்னும் பின்னும் பறக்கின்றன. பெரிய சிகிச்சைக்கு எல்லோரும் வர வேண்டிய இடம் போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனை. சென்னையில் அடிபட்டவரை அரை மணியில் மருத்துவர் பார்த்துவிடலாம். இங்கே அடிபட்டவருக்குப் பல மணி நேரத்திற்கு அவர் அமர்ந்திருந்த வண்டியே மருத்துவர்.

அந்த வண்டிக்கு எங்கள் தீவில் இரண்டு பகைகள் உண்டு. ஒன்று மழை. ஆண்டில் பாதிக்கு மேல் சாலை நனைந்தே கிடக்கும். நனைந்த வளைவில் பிரேக்கை அழுத்தினால் பழைய வண்டியின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் சறுக்கும். ஸ்டியரிங்கை எப்பக்கம் திருப்பினாலும் வண்டி நேரே போகும். மாமாவுக்கு நேர்ந்தது அதுவே. 1978-இல் பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸும் கொண்டுவந்த ஏபிஎஸ், சக்கரம் பூட்டப்போவதை உணர்ந்து பிரேக்கை நொடிக்குப் பல முறை தளர்த்தி இறுக்குகிறது. வண்டி திரும்பும். ஆனால் ஓர் எச்சரிக்கை: சரளைக்கல் பரப்பிய சாலையில் ஏபிஎஸ் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கலாம். பூட்டிய சக்கரம் சரளையைக் குவித்து அணை கட்டிக்கொள்ளும். உருளும் சக்கரத்திற்கு அந்த அணை கிடைக்காது. எங்கள் நெடுஞ்சாலையில் பழுது பார்க்கும் பகுதிகளில் சரளைக்குக் குறைவில்லை.

1995-இல் வந்த நிலைப்படுத்தும் கருவி இன்னும் ஒரு படி மேல். வண்டி பக்கவாட்டில் நழுவத் தொடங்கினால் ஒரு சக்கரத்தை மட்டும் தனியே பிரேக் பிடித்து நேராக்கும். விலையுயர்ந்த வண்டியில் மட்டும் இருந்த இது சிறிய வண்டிக்கு இறங்கியது ஓர் அவமானத்தால். 1997-இல் மெர்சிடிஸின் புதிய சிறிய கார், ஸ்வீடன் நாட்டு இதழ் ஒன்று நடத்திய சோதனையில், குறுக்கே மான் வந்தால் திருப்புவதுபோல் திருப்பியபோது குடை சாய்ந்தது. உலகமே சிரித்தது. நிறுவனம் விற்பனையை நிறுத்தி, அக்கருவியை அந்த வகைக் கார்கள் அனைத்திலும் பொருத்தியது.

இரண்டாம் பகை உப்புக் காற்று. கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கதவுக் கீலைப் பார்த்தாலே தெரியும். ஆனால் காரில் துரு என்பதை நாம் அழகுக் குறையாகவே கருதுகிறோம். அது தவறு. மோதும்போது முன்பக்கத்து விசை இரண்டு உத்திரங்களின் வழியே கதவுக்குக் கீழுள்ள சட்டங்களுக்கும் தரைக்கும் பாய்கிறது. அந்தச் சட்டங்கள் உள்ளே துருவேறிப் பப்படமாகியிருந்தால், எந்தப் பகுதி நசுங்க வேண்டும், எது நிற்க வேண்டும் என்று பொறியியலாளர் இட்ட கணக்கெல்லாம் பாழ். இதற்கும் நிறுவனங்கள் விடை கண்டிருக்கின்றன. உடல் முழுவதையும் மின்னேற்றிய வண்ணத் தொட்டியில் முக்கி எடுத்து மூலை முடுக்கெல்லாம் பூச்சு ஏற்றுகிறார்கள். துத்தநாகம் பூசிய தகட்டால் உடலைச் செய்கிறார்கள். போர்ஷே 1976 மாதிரியிலும் ஆடி 1985-இலும் தொடங்கிய வழி அது. துத்தநாகம் முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கும். எல்லா வண்டியிலும் எல்லாத் தகடும் அப்படி இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி அது.

துருப்பிடித்த சட்டத்தை எங்கள் ஊர் டிங்கர் பட்டறையில் வெட்டியெறிந்து, தகடு வைத்து வெல்டிங் செய்து, பட்டி பூசி, வண்ணம் அடித்துத் தருவார்கள். கண்ணுக்குப் புதிதாக இருக்கும். புதிய வண்டிகளில் தூண் சட்டங்கள், சூடாக்கி அச்சிலிட்டு உடனே குளிர்வித்த போரான் எஃகினால் ஆனவை. சாதாரண எஃகைப் போல் நான்கைந்து மடங்கு வலிமை. அதன் மேல் வெல்டிங் தீ பட்டால் அந்தப் பதம் போய்விடும். மாமாவின் 'தகரத்துக்கு' உள்ளே இந்த எஃகு ஒளிந்திருப்பது தட்டிப் பார்த்தால் தெரியாது.

ஈரம் செய்யும் கேடு இன்னொன்றும் உண்டு. டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் காற்றுப் பையை ஊதச் செய்ய அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் ஆண்டுகள் செல்லச் செல்ல அது சிதைந்து, மோதலின்போது கலத்தையே வெடிக்கச் செய்தது. காக்க வந்த பை உலோகச் சில்லுகளை வீசியது. உலகெங்கும் கோடிக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன, இந்தியாவிலும் அழைத்தார்கள். நிறுவனம் 2017-இல் திவாலாயிற்று. பழைய வண்டி வாங்குவோர், அதன் எண்ணைத் தந்து இப்படி ஏதேனும் பாக்கி இருக்கிறதா என்று விற்பனை நிலையத்தில் கேட்பது நல்லது. வெப்பமும் ஈரமும் எங்களைவிட யாருக்குத் தெரியும்?

சிக்கனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது இதிலிருந்து பிரிந்ததன்று. உறுதிக்காகக் கனத்தைக் கூட்டினால் எரிபொருள் கூடும்; கனத்தைக் குறைத்தால் உறுதி போகும். நெடுநாள் இருந்த இந்த இழுபறியைத் தீர்த்தது நான் மேலே சொன்ன எஃகுதான். மெல்லிய தகடு போதும், வலிமை குறையாது. அம்பாசிடர் ஆயிரத்து நூறு கிலோவுக்கு மேல். லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கிடைத்தால் மகிழ்ச்சி. மாருதி 800 அறுநூற்றைம்பது கிலோ அளவே. பதினாறு, பதினெட்டு கிடைத்தது. ஆனால் அன்று அந்த எடைக் குறைப்பில் பாதுகாப்பும் சேர்ந்து குறைந்தது. இன்றைய வண்டி இரண்டையும் சேர்த்துத் தர முயல்கிறது.

எஞ்சினில் நேர்ந்த மாற்றம் எங்கள் தெருவிலேயே தெரியும். மழைக்காலக் காலையில் சோக்கை இழுத்து, பத்து முறை சாவி திருப்பி, பெட்ரோல் வாடை வீச வண்டியைக் கிளப்பிய காட்சி இப்போது இல்லை. கார்புரேட்டர், காற்று இழுத்த அளவுக்குப் பெட்ரோலைக் குத்துமதிப்பாகக் கலந்தது. எரிபொருளைப் பீச்சும் முறையில், புகையில் எஞ்சிய ஆக்சிஜனை ஓர் உணர்கருவி அளந்து சொல்ல, கணிப்பொறி அளவு பார்த்து ஊட்டுகிறது. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் பழைய எஞ்சின் காற்பங்கை உழைப்பாக மாற்றினாலே பெரிது. 2018-இல் டொயோட்டா வெளியிட்ட எஞ்சின் நூற்றுக்கு நாற்பதை எட்டியது. இந்திய அரசு 2022-23 முதல், ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரிக் கரியமில வாயுவைக் கிலோமீட்டருக்கு 113 கிராம் என்று வரையறுத்தது. பெட்ரோல் கணக்கில் அது லிட்டருக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

அந்தமானில் ஒவ்வொரு துளி பெட்ரோலும் கப்பலில் வருவது. இருந்தும் ஜிர்காடாங்கில் அணி புறப்படக் காத்திருக்கும்போது, குளிர்சாதனத்திற்காக எஞ்சினை ஓடவிட்டபடி உறங்குவோர் பலர். சிறிய காரும் அப்படி நின்றால் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். நின்றதும் தானே அணைந்து, கிளட்சை மிதித்ததும் தானே கிளம்பும் எஞ்சினைப் பல நிறுவனங்கள் தருகின்றன. வாங்கியவர்களில் பலர் செய்யும் முதல் வேலை, அந்தப் பொத்தானை அழுத்தி அதனை நிறுத்திவைப்பது!

மின்சாரக் காரே விடை என்பாரும் உளர். நம் தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றளவும் டீசல் மின்னாக்கிகளில் பிறக்கிறது. எனவே இங்கே மின்சாரக் காரும் ஒரு வகையில் டீசலில்தான் ஓடுகிறது. நெய்வேலி நிறுவனம் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்திருக்கிறது. அத்தகையவை பெருகப் பெருக இந்தக் கணக்கு மாறும்.

சரி, வண்டி வாங்கிய கதைக்கு வருகிறேன். மாமா கடைசியில் ஒரு புதுவகை வண்டியையே வாங்கினார், மைலேஜுக்காக. பணம் கொடுக்கும் முன் டார்ச் விளக்கோடு நான் அடியில் புகுந்து சட்டங்களைத் தட்டிப் பார்த்தேன். மாமா பானெட்டைத் தட்டியதற்கு நான் பழி தீர்த்துக்கொண்டேன் என்று அத்தை சிரித்தார். சட்டங்கள் நன்றாகவே இருந்தன. முன்னே இரண்டு காற்றுப் பைகள் இருந்தன. பின்னிருக்கையில் மட்டும் பெல்ட் மாட்டும் கொக்கிகளைக் காணோம். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே இறந்தது, விலையுயர்ந்த வண்டியின் பின்னிருக்கையில் பெல்ட் அணியாமல் அமர்ந்திருந்தபோதுதான். அதைச் சொன்னேன். "பின்னாடி உட்கார்றவங்க யார்டா பெல்ட் போடறாங்க?" என்றார் மாமா. பின்னால் கட்டின்றி அமர்பவர் மோதலின்போது முன்னால் இருப்பவரின் முதுகில் டன் கணக்கான பாரமாக விழுவார் என்றேன். முன்னால் இருப்பவர் யார் என்று அவர் கேட்கவில்லை. ஓட்டுநர் அவர்தான்.

புதிதாகப் போட்ட ரெக்சின் உறையின் கீழ் கொக்கிகள் மூன்றும் புதைந்து கிடந்தன. கத்தரிக்கோலால் உறையை மூன்று இடத்தில் வெட்டி அவற்றை வெளியே எடுத்தேன். "உறைக்கு நாலாயிரம் ரூபாய் கொடுத்திருக்கான்டா" என்று மாமா வெட்டு விழும்போதெல்லாம் முனகினார். மறுநாள் அத்தையும் நானும் ரங்கத்துக்குப் புறப்பட்டபோது, அவர் வண்டியைக் கிளப்பாமல் கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடி இருந்தார். என்ன மாமா என்றேன். "மாட்டுங்க முதல்ல" என்றார்.